கால் மறந்த பிரேக்

குற்றம் சாட்டப்பட்டவன் தான் செய்யவில்லை என்று சாதித்தால், அவனுக்காகத் துப்பறிவது ஓரளவு எளிது. "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்பவனுக்காகத் துப்பறிவது, வாயை மூடிக்கொண்ட நோயாளிக்கு மருந்து ஊற்றுவதைப் போன்றது. பாதி அவன் கழுத்தில் வழியும். மீதி நம் சட்டையில் தெறிக்கும்.

அந்த வியாழக்கிழமை காலையில் கண்ணாடிக்காரரின் சட்டை அந்த நிலையில்தான் இருந்தது.

கண்ணாடிக்காரர் என்பது ஊரார் வைத்த பெயர். படிப்பதற்கு ஒன்றும் பார்ப்பதற்கு ஒன்றுமாக இரண்டு மூக்குக்கண்ணாடிகள் வைத்திருந்தார். ஒன்று மூக்கில் இருக்கும் நேரத்தில் மற்றது நெற்றியில் காத்திருக்கும். துப்பறியும் தொழிலில் அவருக்கு இருபத்தாறு ஆண்டுகள். அவருடைய உதவியாளருக்கு வயது நாற்பத்திரண்டு, பெயர் ரேடியோ. நிறுத்துவதற்குக் குமிழ் இல்லாததால் வந்த பெயர்.

எட்டு மணிக்கே இருவரும் சிறைக்குப் போய்த் திரும்பியிருந்தனர். கம்பிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அவர்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு பதில்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அழுத்தல. அப்படியே எழுதிக்கிட்டுப் போங்க."

பத்து மணிக்கு ஓட்டுநரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவர். வலது கை ஆள்காட்டி விரலில், கழுவினாலும் போகாத சிவப்பு மை. மாடிப்படி ஏறிவந்த வலியில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார். ரேடியோ ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, "காலை இதுல நீட்டிக்குங்க அக்கா. எங்க தலைவர் கட்டடத்துல லிப்ட் வர்றதுக்குள்ள உங்க முட்டியே சரியாயிடும்" என்றார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் காலை நீட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். அவருடைய கணவர் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஓட்டுநர். மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ரத்தக் குழாய்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து சேர்ப்பது வேலை. இரண்டு வருடமாக அவர் ஓட்டுவது மின்சாரக் கார். போன வாரம் சனிக்கிழமை காலை ஏழு ஐந்துக்கு, மேட்டில் உள்ள சார்ஜ் போடும் இடத்திலிருந்து சரிவில் இறங்கி வாசலுக்கு வந்தார். வாசல் காவலாளி குனிந்து, கேட்டின் கீழ்த்தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டிருந்தார். கார் நிற்கவில்லை. இரும்புக் கேட்டுக்கும் காருக்கும் நடுவில் காவலாளியின் இரண்டு கால்களும் முறிந்தன.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஓட்டுநர் எல்லோர் கண்முன்னும் அந்தக் காவலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தார். எதற்காக என்று கேட்டதற்கு, அவரும் சொல்லவில்லை. காவலாளியும் "ஏதோ பேச்சுவாக்குல" என்று மழுப்பிவிட்டார். போலீசார் பிரேக்கைச் சோதித்தார்கள். குறை இல்லை. குறையில்லாத பிரேக்கை ஒருவன் அழுத்தவில்லை என்றால், நிறுத்த அவனுக்கு மனமில்லை என்று பொருள். கொலை முயற்சி வழக்கு. திங்கட்கிழமை நீதிமன்றம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஏதாவது கொண்டுவந்து கொடுக்காவிட்டால் பத்து வருடத்துக்குக் குறையாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் குற்றப்பத்திரிகையின் நகலை மேசைமேல் வைத்தார். ஓரமெல்லாம் சிவப்புக் கோடுகள்.

"பஸ்ல வந்த முக்கால் மணி நேரத்துல ரெண்டு தரம் படிச்சேன், சார். ஏழு எழுத்துப்பிழை இருக்கு. ஒரு கருத்துப்பிழையும் இருக்கணும். அது என் கண்ணுக்குத் தட்டுப்படல. நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

கணவரைப் பற்றி விசாரித்தபோது, கோபக்காரர்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் கோபம் வண்டிக்குள் ஏறியதில்லை என்றார். ரத்தக் குழாய்கள் குலுங்கக் கூடாது என்று ஓட்டி ஓட்டி, வீட்டில் தண்ணீர் டம்ளரை வைத்தால்கூடச் சத்தம் வராதாம். வீட்டில் இருப்பது மூன்று பேர். மூன்றாவது ஆள் அந்த அம்மாளின் தங்கை. தாய் தகப்பன் போனபிறகு ஒன்பது வயதிலிருந்து அக்காவே வளர்த்த பெண். இப்போது ஒரு செருப்புக் கடையில் வேலை.

"அவர் உள்ளே போனதுல இருந்து அவ சரியாச் சாப்பிடறதுகூட இல்ல. என்னைவிட அதிகமா அழறா. பாவம்."

ரேடியோ குறிப்பேட்டை மூடினார். கண்ணாடிக்காரர் குடையை எடுத்தார்.

*

பரிசோதனைக்கூடத்தின் வண்டி முற்றத்தில் ஒரே மாதிரியான ஒன்பது வெள்ளைக் கார்கள் நின்றன. எட்டுக் கார்களின் மூக்கில் சார்ஜ் கம்பிகள் செருகப்பட்டிருந்தன. ஒன்பதாவது மட்டும் மூலையில், முன்பக்கம் நசுங்கி, யாரும் பேசாத உறவுக்காரனைப்போல் ஒதுங்கி நின்றது. போலீசார் சோதித்து முடித்துத் திருப்பி அனுப்பியிருந்தனர்.

வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஒரு பெண்மணி. கொண்டைக்குள் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தார். போலீஸ் சோதனை எப்படி நடந்தது என்று கேட்டதும் அவர் உதட்டைப் பிதுக்கினார். "அழுத்திப் பாத்தாங்க. பிடிச்சுது. டீ குடிச்சாங்க. போனாங்க."

முதலில் ஒரு நல்ல காரைப் பார்க்கவேண்டும் என்றார் கண்ணாடிக்காரர். மெக்கானிக் எட்டில் ஒன்றின் கதவைத் திறந்தார். ரேடியோ குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பார்த்தார். ஆக்சிலேட்டரின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கத்திலிருந்த பிரேக்கின் ரப்பரில் வரிகள் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தன.

"ஒருத்தி ஓடா உழைச்ச மூத்த மருமக. இன்னொருத்தி கட்டிலை விட்டு இறங்காத இளைய மருமக" என்றார் ரேடியோ.

மெக்கானிக் முதன்முறையாகச் சிரித்தார். இந்த வண்டிகளின் பழக்கமே அதுதான் என்று விளக்கினார். ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஓடும். காலை எடுத்தால், மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, ஓடிய வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பி, தானாக நின்றுவிடும். ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே மிதி போதும். பிரேக், காலையில் வண்டியை எழுப்புவதற்கு ஒரு முறை. வழியில் நாயோ ஆட்டோவோ குறுக்கே பாய்ந்தால் இன்னொரு முறை. அவ்வளவுதான்.

"முதல் வாரம் ஒன்பது டிரைவரும் என்னைத் திட்டித் தீத்தாங்க. காலைக் கொஞ்சம் தூக்கினாலே முட்டுக்கட்டை போட்ட மாதிரி நிக்கும். உள்ளே இருக்கறவன் தலை மணி மாதிரி ஆடும். அவர் மட்டும் பத்து நாள்ல பழகிட்டார். மத்த எட்டுப் பேருக்கும் அவர்தான் கத்துக்குடுத்தார். பாதத்தைத் தூக்காதீங்க, மூச்சு விடற மாதிரி தளத்துங்கன்னு சொல்வார். இந்தச் சரிவுல இறங்கும்போது, கேட்டுக்குப் பதினோரு மீட்டர் முன்னால ஒரு வெள்ளைக் கோடு இருக்கு பாருங்க. அங்கே காலை எடுப்பார். கேட்டுக்கு ஒரு முழம் முன்னால நிக்கும். ரெண்டு வருஷம், தினமும்."

பிறகு மூலைக் காருக்கு வந்தார்கள். ரேடியோ குனிந்தார்; நிமிர்ந்தார்; மறுபடியும் குனிந்தார்.

"தலைவரே, இந்த வீட்டுல இளைய மருமகளும் ஒளிஞ்சு ஒளிஞ்சு வேலை பாத்திருக்கா."

பிரேக் ரப்பரின் வரிகள் நடுவில் மங்கியிருந்தன. மெக்கானிக் தரையில் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்து பார்த்தார். மற்ற எட்டு வண்டிகளின் பிரேக் கட்டைகள் புதியனபோல் இருக்க, இதில் மட்டும் தேய்மானம். கற்றுக்கொண்டவர்கள் பிரேக்கைத் தொடவில்லை, கற்றுக்கொடுத்தவர் தொட்டிருக்கிறார். மெக்கானிக்கின் முகத்தில் குழப்பம் இருந்தது. கண்ணாடிக்காரரோ நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மாற்றிக்கொண்டார். அவர் மகிழ்ச்சியடைந்தால் செய்கிற காரியம் அது.

"ரேடியோ, இந்த வண்டியை ஓட்டிப் பழகு."

நல்ல வண்டி ஒன்றை மெக்கானிக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் ரேடியோவுக்குப் பக்கத்து இருக்கையிலும் மெக்கானிக் பின்னாலும் உட்கார, கார் முற்றத்தைச் சுற்றத் தொடங்கியது. அதைச் சுற்றியது என்று சொல்வதே பெருந்தன்மை. நான்கடி ஓடும், நிற்கும், விக்கல் எடுத்ததுபோல் மறுபடி பாயும். ரேடியோ பழக்க தோஷத்தில் காலைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்காரரின் இரண்டு கண்ணாடிகளும் மடியில் விழுந்தன. பத்தாவது சுற்றில் பாய்ச்சல் குறைந்தது. இருபதாவது சுற்றில் ரேடியோ பாட ஆரம்பித்தார். அந்த நேரத்தில் கண்ணாடிக்காரர் கண்ணை மூடி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஓட்டுகிறவனுக்கு இது சுகம், பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கப்பல் பயணம் என்று முனகினார். இதை நிறுத்திவைக்க வழி உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றார் மெக்கானிக். முன்னால் இருக்கும் திரையில் ஒரு பொத்தான். அதை அணைத்தால், பழைய வண்டியைப்போல் காலை எடுத்தாலும் உருண்டுகொண்டே போகும். நிறுத்துவதற்குப் பிரேக்கை மிதித்தாக வேண்டும். மறுபடி போடும்வரை அப்படியே இருக்கும்.

கைக்குட்டைக்கு மேலே கண்ணாடிக்காரரின் கண்கள் திறந்தன.

அவர் இறங்கினார். காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, வாசல் நடுவில் ஆள் உயரத்துக்கு அடுக்கவைத்தார். கேட் அகலமாகத் திறந்திருந்தது. ரேடியோ தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மெக்கானிக்கிடம் காதோடு காதாக ஒன்று சொன்னார். திரும்பி வந்த ரேடியோவிடம், மேட்டிலிருந்து இறங்கி, வெள்ளைக் கோட்டில் காலை எடுத்து, பெட்டிகளுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திக்காட்டும்படி சவால் விட்டார்.

ரேடியோ பாடிக்கொண்டே இறங்கினார். கோடு வந்தது. காலை எடுத்தார். கார் அமைதியாக, அவசரமே இல்லாமல் உருண்டுபோய்ப் பெட்டிகளுக்குள் புகுந்தது. கடைசிப் பெட்டி கூரையில் விழுந்த பிறகுதான் பிரேக் மிதிக்கப்பட்டது.

"நிக்கல, தலைவரே. நிக்கவே இல்ல."

"உன் வலது கால் எங்கேடா இருந்துச்சு?"

ரேடியோ குனிந்து தம் காலைப் பார்த்தார். தாம் சொன்ன வேலையை அது ஒழுங்காகச் செய்திருந்தது. ஆக்சிலேட்டருக்கு மேலே, அந்தரத்தில், வண்டி நிற்குமென்று நம்பிக் காத்திருந்தது.

கண்ணாடிக்காரர் நசுங்கிய ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒரு குளத்தில் ஒரு கொக்கு இருந்தது என்றார். ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பதில் அதற்கு நிகர் இல்லை. மற்றக் கொக்குகள் அதனிடம் பாடம் கேட்க வந்தன. ஆண்டுக்கணக்கில் நின்றது. ஒரு நாள் கரை சரிந்தது. அடுத்த காலை ஊன்றினால் போதும், பிழைத்துக்கொள்ளும். மடித்துவைத்த கால் மடித்தபடியே இருந்தது. கொக்குக்குத் தான் விழுகிறோம் என்பது தெரிந்தது. தனக்கு இன்னொரு கால் உண்டு என்பது நினைவில்லை.

"கொக்குக்கு லைசென்ஸ் இருந்துச்சா, தலைவரே?"

"இருந்துச்சு. அதை வெச்சுத்தான் அதுமேல கேஸ் போட்டாங்க."

குற்றப்பத்திரிகையின் கருத்துப்பிழை அகப்பட்டுவிட்டது. பிரேக்கை அழுத்தாதவன் நிறுத்த மனமில்லாதவன் என்று போலீசார் எழுதியிருந்தார்கள். இந்த ஓட்டுநர் இரண்டு வருடமாக, அந்தச் சரிவில் பிரேக்கை அழுத்தாமல்தான் தினமும் நிறுத்திக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் பழகிய ரேடியோவின் காலே மறந்துவிட்டது என்றால், ஓட்டுநரின் கால் மறந்ததில் வியப்பில்லை. மீதம் ஒரே கேள்வி: அந்தப் பொத்தானை அணைத்தது யார்?

வண்டிகள் தம் ஓட்டத்தை எல்லாம் அலுவலகக் கணினிக்கு அனுப்பிவைக்கும் என்றும், கிலோமீட்டரைத் தவிர வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை என்றும் மெக்கானிக் சொன்னார். பார்த்தார்கள். சனிக்கிழமை காலை, கேட்டுக்குப் பதினோரு மீட்டர் முன்னால், கோட்டின்மேல், கால் முழுவதுமாக எடுக்கப்பட்டிருந்தது. மோத நினைப்பவன் வேகத்தை அழுத்துவான்; இவர் நிறுத்த நினைத்திருக்கிறார். அதற்கு மேலே உள்ள வரிதான் சுவையானது. முந்தின நாள் வெள்ளி மாலை ஐந்து நாற்பத்தொன்றுக்குப் பொத்தான் அணைக்கப்பட்டிருந்தது. திரும்பப் போடப்படவில்லை.

மெக்கானிக் அச்செடுத்த தாளை மேலே மேலே நகர்த்தினார். செவ்வாய் மாலை அணைப்பு, ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி இயக்கம். அதற்கு முந்தைய வெள்ளி மாலையும் அவ்வாறே. எட்டு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் மறக்காமல் திரும்பப் போட்டவர், அந்த ஒரு வெள்ளியன்று மட்டும் மறந்துவிட்டார்.

அதற்குள் ரேடியோ மூலைக் காரின் பக்கத்து இருக்கைக் கதவுப் பையில் கையைவிட்டு ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்துவந்தார். இருமல் மிட்டாய் டப்பா, மூடி நெளிந்திருந்தது. உள்ளே, உப்புப் புரட்டிக் காயவைத்து மெல்லியதாக நறுக்கிய எலுமிச்சைத் தோல். அடியில் நான்காக மடித்த பிளாஸ்டிக் பை. கண்ணாடிக்காரர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சற்று முன்புவரை வயிற்றில் ஆடிக்கொண்டிருந்த கப்பல் கரை சேர்ந்தது.

எல்லாம் கூடிவந்தது. வண்டியில் குமட்டல் எடுக்கும் ஓர் ஆளை வாரம் இரண்டு நாள் ஓட்டுநர் ஏற்றிச்சென்றிருக்கிறார். அந்த ஆளுக்காகவே பொத்தானை அணைத்திருக்கிறார். பிரேக் தேய்ந்ததும் அந்தப் பயணங்களில்தான். முற்றத்துச் சுவரில் பெரிய எழுத்தில், ரத்த மாதிரிப் பெட்டி வண்டியில் வேறு ஆள் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. ஏற்றியது தெரிந்தால் வேலை போய்விடும். அதைக் காவலாளி பார்த்துவிட்டுக் கேட்டிருப்பார். சட்டையைப் பிடித்த சண்டை அதுதான். முழங்கால் வீங்கிய மனைவியை அச்சகத்திலிருந்து அழைத்துப்போக எந்தக் கணவனுக்குத்தான் மனம் வராது? தன்னால்தான் ஒருவன் கால் முறிந்தது என்று அவள் நொந்துபோகக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

கண்ணாடிக்காரர் குறிப்பேட்டில் எழுதினார்: உடன் பயணித்தவர், ஓட்டுநரின் மனைவி.

"இப்படி ஒரு புருஷன் இருக்கான்னு என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம், தலைவரே. நான் பொத்தானை அணைக்கறது இருக்கட்டும், அவ வாந்தி எடுத்தா ஜன்னலைத் திறன்னு சொல்ற ஜாதி" என்றார் ரேடியோ.

விடை அழகாக வந்துவிட்டதும் கணக்கைச் சரிபார்க்காமல் நோட்டை மூடிவைக்கும் நல்ல மாணவர்கள் உண்டு. அன்று கண்ணாடிக்காரர் அவர்களில் ஒருவர்.

*

மாலை நான்கு மணிக்கு அச்சகத்தின் பின்னறைக்குப் போனார்கள். சாய்வான மேசை, குனிந்த விளக்கு, ஈர மை வாசனை கலையாத தாள்கள். சுவருக்கு அப்பால் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சிவப்புப் பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்.

கண்ணாடிக்காரர் மெல்ல, வரிசையாக எடுத்துச் சொன்னார். மிதியின் பழக்கத்தையும், வாரம் இரண்டு மாலை அணைக்கப்பட்ட பொத்தானையும், மறந்த காலையும் சொன்னார். உங்கள் கணவர் கொலைகாரர் இல்லை என்றார். அந்த அம்மாளின் தோள்கள் இறங்கின, கண்கள் நிறைந்தன. அதன்பிறகு, இதைக் கேட்டு நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற முன்னுரையோடு, தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது உங்களுதுதானே அம்மா?"

அந்த அம்மாள் டப்பாவைத் திறந்தார். விரலால் ஒரு துண்டைப் புரட்டினார்.

"நான் செஞ்சதுதான். ஜன்னல்ல காய வெச்சு, உப்பு புரட்டி, நான்தான் நறுக்குவேன். இவ்வளவு மெல்லிசா வேற யாரும் நறுக்கமாட்டாங்க."

ரேடியோ கண்ணாடிக்காரரைப் பார்த்துப் புன்னகைத்தார். கண்ணாடிக்காரரும் புன்னகைக்கத் தொடங்கினார்.

"இது எங்கே இருந்துச்சு?"

"உங்க வீட்டுக்காரர் வண்டியில. பக்கத்து சீட்டுக் கதவுல."

சுவருக்கு அப்பால் இயந்திரம் தாள் மாற்றுவதற்காக நின்றது. அந்த அறையில் அத்தனை நேரம் இருந்த சத்தம், போனபிறகுதான் தெரிந்தது.

"நான் பஸ்ல படிச்சுக்கிட்டே போறவ, சார். எனக்கு எந்த வண்டியிலயும் குமட்டினது கிடையாது" என்றார் அந்த அம்மாள். "அந்தக் காருக்குள்ள நான் ஒரு நாள்கூட உக்காந்தது இல்ல. ரூல்னு சொன்னாரு. முட்டி வீங்கி எழுந்திருக்க முடியாம கெடந்த அன்னைக்கும் ரூல்னுதான் சொன்னாரு."

கண்ணாடிக்காரரின் புன்னகை, இறங்க இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது. முக்கால் மணி நேரம் பஸ்ஸில் குற்றப்பத்திரிகையை இரண்டு தரம் படித்தவர். அன்று காலையில் தம் காதாலேயே கேட்ட வரி. ரேடியோ அதைக் குறிப்பேட்டில்கூட எழுதிவைத்திருந்தார்.

"வாரம் ரெண்டு நாள்னு சொன்னீங்களே, என்னைக்கு என்னைக்கு?"

ரேடியோதான் சொன்னார், தரையைப் பார்த்தபடி. "செவ்வாய், வெள்ளி. சாயங்காலம்."

"கம்ப்யூட்டர் கிளாஸ்" என்றார் அந்த அம்மாள்.

டப்பாவின் நெளிந்த மூடியை விரலால் நேராக்கப் பார்த்தார். நேராகவில்லை. ஒன்பது வயதில், ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, பஸ்ஸில் தன் மடியிலேயே வாந்தி எடுத்த பிள்ளை என்றார். அன்றிலிருந்து அவள் எங்கே கிளம்பினாலும் இந்த டப்பாவை நிரப்பிக் கொடுப்பது தன் வேலை என்றார். எட்டு மாதமாக டப்பா சீக்கிரம் சீக்கிரம் காலியானதால், வகுப்புக்குப் போகிற பஸ் மோசம் போலிருக்கிறது என்று எண்ணி, கூடுதலாகவே நறுக்கிவைத்தாராம். அந்த வெள்ளிக்கிழமை இரவு கணவரும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. காவலாளி என்ன கேட்டிருப்பார் என்பதும் விளங்கிவிட்டது.

கண்ணாடிக்காரர் குறிப்பேட்டைத் திறந்து, தாம் எழுதிய வரியைக் கண்டுபிடித்து, அடிப்பதற்காகப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

"அடிக்காதீங்க."

அந்த அம்மாள் குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி, அச்சுத்தாளைப் படிப்பதுபோல் ஒரு முறை படித்தார். குரலில் ஈரம் இல்லை. கோர்ட்டில் இந்தக் கணினித் தாளைக் கொடுத்தால், உடன் வந்தது யார் என்று முதல் கேள்வி கேட்பார்கள் இல்லையா என்றார். ஆமாம் என்றார் கண்ணாடிக்காரர். தங்கை என்று சொன்னால்?

பதில் கண்ணாடிக்காரருக்கும் தெரிந்திருந்தது. ரகசியத்தைக் கண்டுபிடித்துக் கேலி பேசிய காவலாளியின் வாயை அடைக்க அவன்மேல் வண்டியை ஏற்றினார் என்று அரசு வக்கீல் எழுந்து நிற்பார். பத்து வருடம் உறுதியாகிவிடும். பெண்டாட்டியை ஏற்றிப்போனார் என்றால் கதை வேறு. அது வெறும் விதிமீறல்.

"அப்ப உண்மையைச் சொன்னா, செய்யாத கொலைக்கு உள்ளே போவார். பொய் சொன்னா, செஞ்சது எல்லாத்துக்கும் சேத்து வெளியே வந்துடுவார்."

"அம்மா, என் தொழில்ல நான் இதுவரைக்கும்..."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, சார். அவர் வேணும்னு ஏத்தல. அது உண்மைதானே?"

"உண்மை. சத்தியமான உண்மை."

"அது போதும். மத்ததை வக்கீல்கிட்ட நான் சொல்லிக்கிறேன். செவ்வாய், வெள்ளி நான்தான் போனேன். எனக்குத்தான் குமட்டும். எலுமிச்சைத் தோல் நான் செஞ்சதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. காவலாளியும் அப்பவே மழுப்பினவர், யாருன்னு வாய் திறக்கமாட்டார். நீங்க எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே எழுதினதை எழுதினபடி விட்டாப் போதும்." அவர் சிவந்த விரலால் அந்த வரியைத் தொட்டார். "முப்பது வருஷமா அடுத்தவங்க பிழையை அடிச்சு அடிச்சே கண்ணு போச்சு. இது ஒண்ணு நிக்கட்டும்."

"வெளியே வந்ததுக்கப்புறம், அக்கா?" என்று ரேடியோ கேட்டார். அன்று காலையிலிருந்து அவர் கேலி கலக்காமல் பேசிய முதல் வாக்கியம் அது.

"வரட்டும். ஜெயில் வாசலுக்கு நானே போய்க் கூட்டிட்டு வருவேன். பஸ்ல." அந்த அம்மாள் டப்பாவை மூடித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். "இன்னைக்குச் சாப்பிடும்போது இதை மேசை நடுவுல வெக்கறேன். ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். யாருக்குக் குமட்டுதுன்னு பாத்துக்கலாம்."

கண்ணாடிக்காரரின் பேனா இன்னும் அந்த வரியின்மேலேயே இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாகப் பொய் கண்ட இடத்தில் அழுத்திப் பழகிய கை. இன்று அவர் எதையும் அழுத்தவேண்டியிருக்கவில்லை. கையை எடுத்தால் போதும். எல்லாம் தானாக நின்றுவிடும்.

எடுத்தார்.

சுவருக்கு அப்பால் இயந்திரம் மறுபடி தடதடக்கத் தொடங்கியது. அந்த அம்மாள் விளக்கைச் சற்று அருகில் இழுத்து, விட்ட இடத்தை விரலால் தேடிப் பிடித்து, தாளில் குனிந்தார். இருவரும் வாசலைத் தாண்டும்போது ரேடியோ திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ஏதோ ஒரு பிழையைக் கண்டுபிடித்து, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, அதை அடித்துக்கொண்டிருந்தார்.